பூவில்லாத நாளிலும் மரம் அறிதல்

தமிழ்நாட்டின் சாலையோரங்களிலும் கோயில் வளாகங்களிலும் ஆற்றங்கரைகளிலும் நிற்கும் மரங்களுள் பல ஆண்டில் சில வாரங்களே பூத்து நிற்பவை. ஆதலால் பூவை மட்டும் நம்பாமல் இலை, பட்டை, காய் ஆகியவற்றைக் கொண்டு மரத்தை இனங்காணப் பழகியவருக்கே அவற்றை ஆண்டு முழுவதும் ரசிக்கும் வாய்ப்பு அமைகிறது.

அதற்கு முதற்படி இலை. காம்பின் நுனியில் ஒரே பரப்பாக விரிவது தனியிலை. நடுக்காம்பின் இருபுறமும் பல பரப்புகளாகப் பிரிந்திருப்பது கூட்டிலை. அப்பரப்பு ஒவ்வொன்றும் சிற்றிலை எனப்படும். இலை எது, சிற்றிலை எது என்ற ஐயம் எழுந்தால், காம்பு கிளையோடு சேரும் கோணத்தை நோக்க வேண்டும். இலையாயின் அங்கே கோணமொட்டு என்னும் சிறு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இராது. இவ்வாறு பார்க்கும்போது, வேப்பங்குச்சியில் வரிசையாகத் தோன்றும் பத்துப் பன்னிரண்டு 'இலைகளும்' சேர்ந்தே ஓர் இலை என்பது விளங்கும். வேம்பின் சிற்றிலை சற்றே வளைந்து, விளிம்பில் ரம்பப் பற்கள் கொண்டு, நடுநரம்பின் இருபுறமும் அளவு ஒவ்வாமல் அமைந்திருக்கும். புங்கின் சிற்றிலையோ அதைவிட அகன்று, பல்லற்ற விளிம்போடு பளபளக்கும்.

தனியிலை மரங்களுள் அரசும் பூவரசும் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கவை. இரண்டிலும் இலை இதய வடிவினது. எனினும் அரசிலையின் நுனி வாலாக நீண்டிருக்கும், காம்பைக் கிள்ளினால் பால் வடியும், மெல்லிய நீண்ட காம்பினால் இளங்காற்றிலும் இலை சலசலக்கும். அத்தி, ஆல் ஆகியவற்றின் இனமான அரசில் பூக்கள் வெளியே தெரிவதில்லை. காய்போலத் தோன்றும் கூட்டின் உட்சுவரில் அவை மறைந்திருக்க, நுண்ணிய குளவிகள் உள்நுழைந்து மகரந்தம் சேர்க்கின்றன. பூவரசின் பூ இதற்கு மாறாகப் பெரியது. காலையில் வெளிர்மஞ்சளாகவும் அடியில் கருஞ்சிவப்பாகவும் மலர்ந்து, பொழுது சாயச் சாயச் செம்மை ஏறி வாடும்.

பட்டையால் அறியத்தக்க மரத்துக்கு மருது நல்ல சான்று. ஆற்றங்கரைகளில் ஓங்கி வளரும் இதன் பட்டை வழவழப்பாக, வெளிறிய சாம்பல் நிறத்தில் தகடு தகடாக உரியும். அடியில் உதிர்ந்து கிடக்கும் காயில் நீளவாக்கில் ஐந்து சிறகுகள் இருப்பின் ஐயத்துக்கு இடமில்லை.

பூக்காலத்திலும் நிறத்தைவிட அமைப்பே தெளிவான அடையாளம் தரும். சரக்கொன்றையும் இயல்வாகையும் மஞ்சளாகப் பூப்பவையே. முன்னதன் கொத்து தொங்கும், பின்னதன் கொத்து நிமிர்ந்து நிற்கும். முன்னதன் காய் உருண்டு நீண்ட கரிய குழல். பின்னது துரு நிறத் தட்டைக்காய். சரக்கொன்றைப் பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், பத்து மகரந்தத்தாள்களில் மூன்று நீண்டு வளைந்தும், நான்கு நடுத்தர அளவிலும், மூன்று மிகக் குறுகியும் இருப்பதைக் காணலாம்.

மண்ணுக்குரிய மரம் எது, வந்து சேர்ந்தது எது என்று பிரித்தறிவதும் ரசனையின் ஒரு பகுதியே. கோடையில் செந்நிறமாகப் பூக்கும் மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பமண்டலத்துக்குரியது. அதன் சிற்றிலைகள் மாலையில் மடிவதற்கு, காம்படியில் உள்ள அதைப்பு என்னும் புடைத்த பகுதியில் நீர் இடம் மாறுவதே காரணம். சிவன் கோயில்களில் போற்றப்படும் நாகலிங்கமும் தென்னமெரிக்க மரமே என்பதால், கோயிலில் நிற்பது ஒன்றையே கொண்டு மரத்தின் பூர்வீகத்தை முடிவு செய்ய இயலாது. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தலமரமான புன்னையோ இக்கடற்கரைக்கே உரியது. நெருங்கிய இணைகோடுகளாக ஓடும் நரம்புகள் அதன் தடித்த இலையைக் காட்டிக்கொடுக்கும்.

பல மரங்களின் பெயர்களை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்வதைவிட, நாள்தோறும் கடந்து செல்லும் வழியில் இரண்டு மூன்று மரங்களைத் தேர்ந்து, அவை இலையுதிர்ப்பது, துளிர்ப்பது, பூப்பது, காய்ப்பது ஆகியவற்றை ஓராண்டு குறித்துவருவது பயன் மிக்கது. பங்குனி, சித்திரையில் பூக்கும் வேம்பு சில மாதங்களில் பழுத்து, காகத்தையும் மைனாவையும் குயிலையும் வரவழைக்கும்; அப்பறவைகள் விதையைக் கொண்டுபோய் எங்கெங்கே இடுகின்றன என்று தேடுபவருக்கு, யாரும் நடாமல் வேலியோரத்தில் முளைத்த வேப்பங்கன்று தற்செயலாக வந்ததன்று என்பது புரியும்.