துளிக்குள் ஓர் இழுபறி

தாமரை இலையைச் சாய்த்து மழைத்துளியை உருட்டுவது குளத்தங்கரைப் பிள்ளைகளுக்கு அலுக்காத விளையாட்டு. இலையில் ஒட்டாமல், தானும் உடையாமல் ஓடும் அந்தத் துளிக்குள் ஓயாத இழுபறி ஒன்று நடக்கிறது. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கு மட்டும் சமமில்லை. பாலிங் அளவுகோலில் ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்திறன் 3.44, ஹைட்ரஜனுக்கு 2.20. ஒரே போர்வைக்குள் படுத்த அண்ணன், தூக்கத்திலேயே தன் பக்கம் இழுத்துக்கொள்வதைப் போலத்தான். ஆக்சிஜன் முழுதாகப் பறிப்பதில்லை, கொஞ்சம் சரித்துக்கொள்கிறது, அவ்வளவே. அந்தச் சரிவால் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்சுமையும் ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்சுமையும் தங்க, பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. துளி உருண்டையாகிறது. இலையின் மெழுகிலோ கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, ஏறக்குறைய சமரசம். நீருக்கு அங்கே பிடிமானம் இல்லை. இலையின் நுண்மேடுகளுக்கு இடையே தங்கும் காற்றும் கூட்டு சேர்கிறது.

ஆக்சிஜனுக்கு ஏன் இவ்வளவு இழுவை? கருவில் 8 புரோட்டான்கள்; பிணைப்பு எலக்ட்ரான்களோ இரண்டாம் கூட்டிலேயே, கைக்கெட்டும் தூரத்தில். நடுவில் மறைப்பவை முக்கியமாக இரண்டே உள் எலக்ட்ரான்கள். அதே கூட்டுக்காரரான லித்தியத்துக்கு 3 புரோட்டான்கள்தான், கவர்திறனும் 0.98. புரோட்டான் எண்ணிக்கை மட்டுமே போதும் என்றும் சொல்லிவிட முடியாது: 53 புரோட்டான்கள் இருந்தும் அயோடின் 2.66-ல் நிற்கிறது. ஐந்தாம் கூடு தொலைவு, குறுக்கே கூட்டமும் அதிகம். இழுப்பதில் முதலிடம் 3.98 பெற்ற ஃபுளூரினுக்கு. ஆனால் ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சில் கார்பனோடு சேர்ந்த பின், எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கம் எதையும் சட்டை செய்வதில்லை. மாவு வழுக்கிக்கொண்டு வருகிறது.