திருத்தத்துக்கு வராத காட்சி

எழுதி முடித்ததைத் திரும்ப எடுத்துத் திருத்துவது எனக்குப் பிடித்த வேலை அல்ல. முதல் பிரதியை எழுதும்போது இருக்கிற வேகமும் தைரியமும் இரண்டாம் முறை உட்காரும்போது இருப்பதில்லை. அதனால் அந்த இரண்டாம் முறையைத் தள்ளிப்போடுவேன். துணி மடிப்பேன், மின்கட்டணம் கட்டுவேன், வேறொன்றும் இல்லாவிட்டால் ஓர் அறிவியல் புனைவுப் படம் பார்ப்பேன். இதைச் சோம்பல் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே என்னைப் போன்றவர்கள் திருத்தப்பட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம். சத்தமாகச் சிரிக்காதே, காலை மடக்கி உட்கார், பெரியவர்கள் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லாதே. வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் மூன்று முறை வெட்டி ஒட்டிப் பழகியவளுக்கு, காகிதத்திலாவது வெட்டாமல் பேசிவிட வேண்டும் என்று தோன்றாதா? சிவப்புப் பேனாவைப் பார்த்தால் அவளுக்கு இலக்கணம் மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

ஏன் அறிவியல் புனைவுப் படம் என்றால், குடும்பப் படத்தில் கதாநாயகி காபி டம்ளரோடு வந்து நிற்கிற நொடியில் எனக்குள் இருக்கும் விமர்சகி விழித்துக்கொள்வாள். விண்கலம் என்றால் கொஞ்சம் தூங்குவாள். (விண்கலத்திலும் சாப்பிடத்தான் செய்கிறார்கள். ‘ஏலியன்’ படத்தில் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பாத்திரத்தை யார் கழுவினார்கள் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.) ஆனால், திருத்தத்திலிருந்து தப்பிக்கப் பார்த்த இந்தப் படங்கள்தாம் திருத்தத்தைப் பற்றி என்னை அதிகம் யோசிக்க வைத்தன.

ஹாலிவுட்டின் தொடக்க காலத்தில் படச்சுருளை வெட்டி ஒட்டும் அறைகளில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். தையல் வேலை மாதிரிதானே என்று நினைத்திருந்தார்கள். அந்த வேலைக்கு மதிப்பு கூடக் கூட ஆண்கள் உள்ளே வந்தார்கள். மிச்சமிருந்த பெண்களின் பெயர்களும் சுலபமாக மங்கிவிடும். ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்தொகுப்புக்கு ஆஸ்கர் வாங்கிய மூவரில் ஒருவர் மார்சியா லூகாஸ். அன்று அவர் இயக்குநரின் மனைவி. பலருக்கு அந்தத் தகவல் மட்டுமே தெரியும். ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ (2015) படத்தைத் தொகுத்த மார்கரெட் சிக்செலும் இயக்குநரின் மனைவிதான். சுமார் 480 மணி நேரக் காட்சிகளைப் பார்த்து இரண்டு மணி நேரப் படமாக்கினார். அதற்கு முன்பு அவர் அதிரடிப் படம் எதையும் தொகுத்ததில்லை. பாலைவனத்தில் லாரிகள் உருண்டு புரள்கிற அந்தப் படத்தில் ஒரு நொடிகூட யார் எங்கே நிற்கிறார்கள் என்று நாம் குழம்புவதில்லை. வேகமும் தெளிவும் சேர்ந்து வரும் என்பதை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நம்பினேன்.

இனி நான் சொல்ல வந்த காட்சி. ‘பிளேடு ரன்னர்’ 1982இல் வெளிவந்தது. படம் பார்ப்பவர்களுக்குப் புரியாது என்று பயந்து நாயகனின் பின்னணிக் குரலைச் சேர்த்தார்கள், மகிழ்ச்சியான ஒரு முடிவையும் ஒட்டினார்கள். 1992இல் வந்த பதிப்பில் இரண்டும் போயின. ஒற்றைக்கொம்புக் குதிரை வருகிற கனவு ஒன்று சேர்ந்தது. 2007இல் ‘ஃபைனல் கட்’ என்று இறுதிப் பதிப்பு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு படத்தைத் தேய்த்துத் தேய்த்துத் திருத்தியிருக்கிறார்கள். திருத்தத்துக்குக் கோயில் கட்டுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் உதாரணம் இது.

படத்தின் நடுவில், டெக்கார்டின் வீட்டிலிருந்து ரேச்சல் கிளம்பப் பார்க்கிறாள். அவள் செயற்கை மனுஷி. தன் பால்ய நினைவுகள்கூட வேறொருத்தியுடையவை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டிருக்கிறாள். டெக்கார்ட் ஓடிவந்து கதவைச் சாத்துகிறான், அவளைப் பிடித்துச் சன்னல் மறைப்பின் மேல் தள்ளுகிறான். பிறகு அவள் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறான். தன்னை முத்தமிடச் சொல்லி அவளே கேட்க வேண்டுமாம். அவள் தயங்குகிறாள், பிறகு அவன் சொன்னதைச் சொல்கிறாள். பின்னணியில் சாக்சபோன் உருகுகிறது. இது காதல் என்று நமக்குச் சொல்வது அந்த இசைதான். கண்ணால் பார்த்தால் அங்கே நடப்பது வேறு.

ஒரு பெண்ணின் வாயில் வசனம் எழுதித் தருகிற இந்தக் காட்சி எந்தப் பதிப்பிலும் திருத்தத்துக்கு வரவில்லை. 2007இல் எவற்றைத் திருத்தினார்கள் தெரியுமா? பறக்கும் காரைத் தூக்கிப் பிடித்திருந்த கம்பிகள் தெரிந்தன, அழித்தார்கள். ஜோரா என்ற செயற்கை மனுஷி முதுகில் குண்டு பாய்ந்து, கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு விழுந்து சாகிறாள். பழைய படத்தில் அவளுக்குப் பதிலாகச் சண்டைக் கலைஞர் நடித்தது அப்பட்டமாகத் தெரிந்தது. எனவே நடிகை ஜோவன்னா காசிடியைக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு வரவழைத்து, அவர் முகத்தைப் படம்பிடித்து, அந்த உடலில் பொருத்தினார்கள். சாகிற பெண்ணின் முகம் சரியாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு கவனம் எடுத்தவர்கள், கதவருகே நிற்கிற பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. தொழில்நுட்பப் பிழைகள் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தன. இது பிழையாகவே தெரியவில்லை.

அந்தக் காட்சியை வெட்டியிருக்க வேண்டும் என்பது என் வாதம் அல்ல. வேட்டையாடப்படுகிறவர்களைவிட வேட்டைக்காரனிடம் மனிதத்தன்மை குறைவு என்று சொல்கிற படத்தில் அதற்கு இடம் இருக்கவே செய்கிறது. இசையை நிறுத்தியிருந்தால் போதும். சும்மா ஒரு நிசப்தம். அந்தப் படமே வேறாகியிருக்கும்.

வெட்டியதால் நல்லதாகிப்போன படமும் உண்டு. ‘ஏலியன்ஸ்’ (1986) திரையரங்குக்கு வந்தபோது 137 நிமிடம். பின்னர் வந்த நீள்பதிப்பு 154 நிமிடம். வெட்டி, பிறகு திரும்பச் சேர்த்தவற்றில் முக்கியமானது இது: 57 ஆண்டு உறக்கத்துக்குப் பிறகு எழுந்த ரிப்ளி, தன் மகள் என்ன ஆனாள் என்று கேட்கிறாள். மகள் 66 வயதில் இறந்துபோயிருக்கிறாள். பதினோராவது பிறந்தநாளுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன அம்மா, கிழவியாகிவிட்ட மகளின் புகைப்படத்தைத் தடவிப் பார்க்கிறாள். அருமையான காட்சி. எனக்குத் தொண்டை அடைத்தது. பெண்ணியத் தோழிகள் பலர் நீள்பதிப்பே சரி என்கிறார்கள். வேலைக்குப் போகிற தாயின் இழப்பை வெட்டி எறிந்துவிட்டார்கள் என்று கோபப்படுகிறார்கள். கோபம் நியாயம்தான். ஆனாலும் என் ஓட்டு குறும்பதிப்புக்குத்தான். மகள் காட்சி இருந்தால், பின்னால் நியூட் என்கிற சிறுமிக்காக ரிப்ளி திரும்பிப் போவது இழந்த தாய்மையை ஈடுகட்டுவதாகிவிடுகிறது. அந்தக் காட்சி இல்லாவிட்டால், ஒரு குழந்தை ஆபத்தில் இருக்கிறது, அதனால் ஒருத்தி போகிறாள். அவ்வளவுதான். ஒரு பெண் துணிச்சலாக ஏதாவது செய்தால் உடனே அதற்குப் பின்னால் ஒரு கர்ப்பப்பையைத் தேடுகிற பழக்கத்துக்கு அந்தப் பதிப்பு இடம் தருவதில்லை. அவர்கள் இதையெல்லாம் யோசித்து வெட்டவில்லை, நீளத்தைக் குறைக்கத்தான் வெட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

முதல் படத்துக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. ‘ஏலியன்’ (1979) திரைக்கதையை முதலில் எழுதிய டேன் ஓ’பேனனும் ரொனால்ட் ஷுசெட்டும், கலத்தில் இருக்கிற யாரையும் ஆணாகவோ பெண்ணாகவோ வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பு எழுதிவைத்தார்கள். பிறகு திருத்தி எழுதிய வால்டர் ஹில்லும் டேவிட் கைலரும் ரிப்ளியைப் பெண்ணாக்கினார்கள். நோய்த்தொற்று விதியைக் காட்டிக் கதவைத் திறக்க மறுக்கிற ரிப்ளியின் பேச்சில் குழைவோ மன்னிப்போ இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

தமிழில் அப்படி ஒரு குறிப்பு எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லை வைத்துச் சமாளிக்கலாம். நமக்கு வினைமுற்றிலேயே பால் உட்கார்ந்திருக்கிறது. ரிப்ளி வந்தானா, வந்தாளா, வந்தாரா? ‘வந்தார்’ பாலைச் சொல்லாது, ஆனால் மரியாதையைச் சொல்லிவிடும். யாருக்கு அந்த மரியாதை என்பதில்தான் சிக்கல்.

பல ஆண்டுகளுக்கு முன்பு என் சிறுகதை ஒன்றை ஒரு தொகுப்பில் சேர்த்தார்கள். கதை மனைவியின் பார்வையில் போகிறது. கணவனை அவள் மனத்துக்குள் ‘அவன்’ என்றுதான் நினைக்கிறாள். வாய்விட்டு ஒருமுறையும் சொல்வதில்லை. கதையே அதுதான். அச்சில் பார்த்தால் கணவன் முழுக்க ‘அவர்’ ஆகியிருந்தார். வந்தார், குடித்தார், அடித்தார். மனைவி மட்டும் அப்படியே ‘அவள்’. கேட்டதற்கு, மரியாதைக் குறைவாகத் தெரிந்தது, அதனால் ‘செம்மைப்படுத்தினோம்’ என்று பதில் வந்தது.

இதே சிக்கலுக்கு எதிர்முனையிலிருந்து வந்தவர் உர்சுலா லெ குவின். ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ (1969) நாவலில் வருகிற மக்களுக்கு நிலையான பால் கிடையாது. இருந்தும் அவர்கள் எல்லோரையும் ஆண்பால் பிரதிப்பெயரிலேயே குறிப்பிட்டார். பெண்ணியவாதிகள் கேள்வி கேட்டார்கள். 1976இல் எழுதிய கட்டுரையில் தன் தேர்வை நியாயப்படுத்தினார். ஆனால் அதற்கு முன்பே, 1975இல், அதே உலகத்தில் நடக்கும் ‘விண்டர்ஸ் கிங்’ சிறுகதையைத் தொகுப்பில் சேர்க்கும்போது, அந்த மக்கள் அத்தனை பேரையும் பெண்பாலாக மாற்றியிருந்தார். அரசர் அரசராகவே இருக்கிறார், பிரதிப்பெயர் மட்டும் ‘அவள்’. படிக்கிறவர் ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழ வேண்டும். 1987இல் அந்தப் பழைய கட்டுரைக்கே திரும்பி வந்தார். அதை அழிக்கவில்லை, மாற்றி எழுதவும் இல்லை. பழைய வாசகத்தை அப்படியே வைத்து, அதனோடு சேர்த்துத் தன் மறுப்புகளைக் குறிப்புகளாக எழுதினார். இரண்டு லெ குவின்களும் ஒரே பக்கத்தில் சண்டைபோடுகிறார்கள்.

நான் பார்த்த திருத்தங்களிலேயே எனக்குப் பிடித்தது இது. மேலிருந்து ஒரு கை வந்து வாயை மூடுவது போல இல்லை. பேசியவளே திரும்பி வந்து, தான் பேசியதைக் கேட்டு, எதிர்ப்பேச்சுப் பேசுவது.

என் கதைகள் தனித் தொகுப்பாக வந்தபோது அந்தச் சிறுகதையை மட்டும் நானே உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். கணவனை மறுபடியும் ‘அவன்’ ஆக்கினேன். வந்தான், குடித்தான், அடித்தான். மனைவி அவனுக்குச் சோறு போடுகிற ஒரு பத்தியை முழுசாக எடுத்தேன். அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, கதைக்குத் தேவைப்படவில்லை. மெய்ப்பு திரும்பி வந்தபோது இரண்டு இடங்களில் ‘ன்’ பழையபடி ‘ர்’ ஆகியிருந்தது. கைப்பழக்கமாக இருக்கும். சுழித்துவிட்டு அனுப்பினேன்.