அமைச்சர் பதவியும் மக்கள் அரசியலும்: பிரான்சிய விவாதமும் பரந்தன் அனுபவமும்

இலங்கைத் தமிழரின் பாராளுமன்ற அரசியலை மதிப்பிடப் புகுந்தோர் பெரும்பாலும் இருவகை அளவுகோல்களையே கையாண்டு வந்துள்ளனர். அமைச்சர் பதவியை ஏற்ற ஒருவர் தம் மக்களுக்கு எவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார் எனக் கணக்கெடுப்பது ஒன்று. பதவியை ஏற்றமையையே காட்டிக்கொடுப்பாகக் கொண்டு அவரைத் துரோகிகளின் வரிசையிற் சேர்ப்பது மற்றொன்று. முன்னைய கணக்குக்குப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை சான்றாக எடுத்துக்காட்டப்படும். பின்னைய தீர்ப்புக்கு மலையகத் தமிழரின் குடியுரிமைப் பறிப்பு சான்றாகும். இரண்டும் ஒரே தலைவரைப் பற்றியவை. ஏறத்தாழ ஒரே காலப்பகுதியைப் பற்றியவை. ஆயினும் ஒன்றையொன்று சந்திக்காமலே இவை அரைநூற்றாண்டுக்கு மேலாக அருகருகே வாழ்ந்து வருகின்றன.

இவ்விரு அளவுகோல்களும் தனிமனிதரை நோக்குவனவன்றி, அமைச்சரவை என்னும் நிறுவனத்தின் இயல்பை நோக்குவன அல்ல என்பதே நாம் இங்கு முன்வைக்கும் கருத்தாகும். இதனைத் தெளிவுறுத்துவதற்கு, இருபதாம் நூற்றாண்டின் வாயிலிற் பிரான்சிய அரசியலைக் கலக்கிய ஒரு விவாதத்தை முதலில் நோக்குதல் பயனுடைத்து. அமைச்சர் பதவி என்னும் பிரச்சினையைத் தனிமனித ஒழுக்கத்தின் எல்லைக்கு அப்பால் எடுத்துச் சென்று ஆராய்ந்த பெருவிவாதம் அதுவே எனலாம்.

1899 யூன் மாதத்தில் வால்டெக்-ரூசோ அமைத்த அமைச்சரவையிற் சோசலிசவாதியான அலெக்சாந்தர் மில்லரான் வர்த்தக அமைச்சராகப் பதவியேற்றார். திறைபஸ் வழக்கினாற் பிரான்சியக் குடியரசு நிலைகுலைந்திருந்த வேளை அது. குடியரசைக் காக்கும் பொருட்டுச் சோசலிசவாதிகளும் தோள்கொடுத்தல் வேண்டும் என்பது ஜோரெசின் நிலைப்பாடு. ஆயின், அதே அமைச்சரவையிற் போர் அமைச்சராக வீற்றிருந்தவர் தளபதி கலிஃபே. 1871 இல் பாரிஸ் கம்யூனை இரத்தத்தில் மூழ்கடித்தோருள் ஒருவர் அவர். கம்யூன் வீழ்ந்து இருபத்தெட்டு ஆண்டுகளே கழிந்திருந்த நிலையில், தொழிலாளரின் பிரதிநிதி அவர் அருகே அமர்வதைக் கெஸ்த் தலைமையிலானோர் ஏற்க மறுத்தனர்.

மில்லரான் வெறுங்கையோடு இருந்தவரல்லர். 1900 மார்ச்சு மாதச் சட்டம், பெண்களும் சிறுவரும் ஆண்களோடு சேர்ந்து வேலைசெய்யும் தொழிலகங்களில் நாளொன்றின் வேலைநேரத்தை முதலிற் பதினொரு மணியாகவும், நான்கு ஆண்டுகளிற் படிப்படியாகப் பத்து மணியாகவும் குறைத்தது. தொழிலாளரின் அன்றாட வாழ்விற் புலனாகக்கூடிய பயன் இது. ஆனால் அதே 1900 யூனில், சலோன்-சூர்-சோன் நகரில் வேலைநிறுத்தத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. வேலைநேரத்தைக் குறைத்த அரசும் சுட்ட அரசும் ஒன்றே. ஒரு துறையின் அமைச்சர் மறுதுறையின் செயலுக்குப் பொறுப்பாளி அல்லர் என்று கூற அமைச்சரவை மரபு இடந்தருவதில்லை. முழு அரசின் சிறு கூறொன்று ஒருவர் கையில் ஒப்படைக்கப்படுகின்றது. ஆனால் முழு அரசின் செயலுக்கும் அவரது ஒப்பம் பெறப்படுகின்றது. மில்லரான் விவாதத்தின் உள்ளீடு இதுவேயாம்.

1904 இல் அம்ஸ்ரர்டாமிற் கூடிய இரண்டாம் அகிலம் இத்தகைய பங்கேற்பை நிராகரித்தது. ஜோரெஸ் அம்முடிவுக்கு உடன்பட்டு, 1905 இல் உருவான ஐக்கிய சோசலிசக் கட்சியில் இணைந்தார். 1914 யூலை 31 ஆந் திகதி கொலையுண்ணும் வரை அவர் அமைச்சராகவே இருந்ததில்லை. மில்லரான், பிரியான், விவியானி ஆகியோர் வேறு வழியே சென்றனர். ஒருகாலத்திற் பொது வேலைநிறுத்தத்தின் பிரசாரகராக விளங்கிய பிரியான், 1910 ஒக்டோபரிற் பிரதமராக இருந்து, வேலைநிறுத்தஞ் செய்த புகையிரதத் தொழிலாளரை இராணுவ சேவைக்கு அழைத்து அவ்வேலைநிறுத்தத்தை முறியடித்தார். அவ்வேளை அவரது அமைச்சரவையில் மில்லரான் பொதுவேலை அமைச்சர். விவியானி தொழில் அமைச்சர். மூவரும் முன்னாட் சோசலிசவாதிகள்.

இம்மூவரையும் இயல்பிலேயே தீயோர் என ஒதுக்கிவிடல் எளிது. ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக நம்மை விடுவதில்லை. மில்லரானை எதிர்த்தோரின் முன்னணியில் நின்ற கெஸ்த்தே 1914 ஆகஸ்டில், போர் மூண்ட வேளையில், துறையில்லா அமைச்சராக அரசிற் சேர்ந்தார். ஒழுக்கத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இதனை விளக்குதல் இயலாது. அரசு நெருக்கடியில் இருக்கும்போது தன் எதிரிகளைத் தன்னுள் அழைத்து, அவர்களின் பெயரால் தனக்கு ஒப்புதல் தேடிக்கொள்கின்றது என்னும் நிறுவன நோக்கிலேயே இது விளக்கம் பெறும்.

இப்பின்னணியில் இலங்கைக்குத் திரும்புவோம். 1944 இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தோற்றுவித்து, சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை முன்வைத்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். 1947 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியை எதிர்த்து நின்ற தமிழ்க் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. 1948 இல் அவர் டீ. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, கடற்றொழில் அமைச்சராக இணைந்தார். ஒத்துழைப்பதன் மூலமே உரிமைகளை ஈட்டலாம் என்பது அவர் பக்க நியாயம். ஜோரெஸ் மில்லரானுக்காக வாதாடியபோது குடியரசின் பாதுகாப்பு முன்னிறுத்தப்பட்டது. இங்கு முன்னிறுத்தப்பட்டது ஒரு சிறுபான்மை இனத்தின் பொருளாதார முன்னேற்றம்.

அதே ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அதனையடுத்து வந்த 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமும், 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1947 தேர்தலில் 7 உறுப்பினரைப் பாராளுமன்றுக்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952 தேர்தலில் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. பின்னைய இரு சட்டங்களும் நடைமுறைக்கு வந்தபோது பொன்னம்பலம் அமைச்சரவையின் உறுப்பினர். முதற் சட்டத்தின்போது அவர் எவ்விதம் பேசினார், எப்பக்கம் வாக்களித்தார் என்பதிலேயே இதுகாறும் நமது விவாதங்கள் தேங்கி நின்றுள்ளன. அவ்வினா அவரது வரலாற்றை எழுதுவோர்க்கு முக்கியமானதே. எனினும் அரசியல் ஆய்வுக்கு அதனினும் முக்கியமானது, அமைச்சரவையின் கூட்டுப்பொறுப்பு அவரது பெயரையும் அச்சட்டங்களின் கீழ் எழுதிவிட்டது என்பதாகும்.

இவ்விடத்து வன்னியிலிருந்து ஒரு மறுசான்றும் கிடைக்கின்றது. 1947 இல் வவுனியாத் தொகுதியிற் சுயேச்சையாக வென்ற சி. சுந்தரலிங்கம் வர்த்தக அமைச்சராகச் சேனநாயக்காவின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் மசோதா தொடர்பிலே 1948 இல் அவர் பதவி விலகினார். ஒருவர் வெளியேறிய வாயிலும் மற்றொருவர் நுழைந்த வாயிலும் சில மாத இடைவெளியில் திறந்திருந்தன. சுந்தரலிங்கத்தின் பிற்கால அரசியல், சிறப்பாகச் சாதிப் பிரச்சினையில் அவர் எடுத்த பிற்போக்கு நிலை, நமது ஏற்புக்குரியதன்று. ஆயினும் துறை வேறு, அரசு வேறு எனப் பிரித்துக் காட்ட முடியாது என்பதை அவரது விலகல் உணர்த்துகின்றது. 1949 திசெம்பரிற் செல்வநாயகம், வன்னியசிங்கம், நாகநாதன் ஆகியோர் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவியமைக்கும் இக்குடியுரிமைப் பிரச்சினையே முதன்மைக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

இனி, பரந்தனை நோக்குவோம். காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் கடதாசி, பரந்தன் இரசாயனம் ஆகிய மூன்று தொழிற்சாலைகளும் பொன்னம்பலத்தின் பெயருடன் இணைத்தே நினைவுகூரப்படுகின்றன. பரந்தனின் அமைவிடம் தற்செயலானதன்று. கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடம் அது. அதன் வடக்கே ஆனையிறவு உப்பளம். உப்புக் கரைசலினூடாக மின்னைச் செலுத்தி எரிசோடாவும் குளோரினும் பெறுவதே அத்தொழிற்சாலையின் அடிப்படை. எரிசோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் வேண்டியது. குளோரின் குடிநீரைத் தூய்மையாக்குவது. உழவையும் குளத்தையும் மட்டுமே நம்பியிருந்த வன்னிப் பெருநிலத்துக்கு இது வேறொரு வாழ்வின் தொடக்கமாக அமைந்தது. சம்பளம் பெறும் தொழிலாளர் என்னும் ஒரு புதிய பிரிவினரை அது அங்கு தோற்றுவித்தது. இதனைச் சிறுமைப்படுத்தும் விமரிசனம் நேர்மையான விமரிசனமாகாது.

ஆயின், இத்தொழிற்சாலை யாருடையது என்னும் வினாவை எழுப்புதல் வேண்டும். அது ஓர் அரச கூட்டுத்தாபனத்தின் உடைமை. அதன் முதலீடு, விரிவாக்கம், நியமனம் ஆகியவற்றைப் பற்றிய இறுதி முடிவுகள் கொழும்புக்குரியவை. பிரதேசத்து மக்கள் அதில் வேலை பெற்றனரேயன்றி அதிகாரம் பெற்றாரல்லர். 1953 ஒக்டோபரிற் கொத்தலாவலை அமைத்த அமைச்சரவையிற் பொன்னம்பலத்துக்கு இடமிருக்கவில்லை. அமைச்சர் போனபின் மக்கள் கையில் எஞ்சிய நிறுவனம் எது? பிராந்திய சபையோ, காணி பற்றிய அதிகாரமோ எதுவும் இல்லை. பிரான்சிலே மில்லரானின் பத்து மணிநேரச் சட்டத்திலிருந்து 1919 ஏப்பிரலில் எட்டு மணிநேரச் சட்டம் வரை வேலைநேரம் குறைந்துவந்தமைக்குத் தொழிற்சங்கங்களின் தொடர்ந்த பலமே காரணமாகும். அமைச்சர் அளித்ததை அமைப்பே காத்தது. பரந்தனிலோ காத்துநிற்க அத்தகைய அமைப்பு இருக்கவில்லை. போர் அத்தொழிற்சாலையை அழித்தது. அதன் வழித்தோன்றலாக அமைந்த அரச நிறுவனம் குளோரினை இறக்குமதி செய்து விநியோகிக்கும் நிலைக்கு வந்தது.

இதனினும் ஆழமான முரண் ஒன்று அம்மண்ணிலேயே உண்டு. 1958, 1977 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களாலும், எழுபதுகளின் நடுப்பகுதியிலே தோட்டங்களில் நிலவிய பட்டினியாலும் விரட்டப்பட்ட மலையகத் தமிழர் பலர் கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளுக்கு வந்து சேர்ந்தனர். காடு வெட்டினர், வயல்களிற் கூலிகளாயினர், பலர் காணி உறுதியின்றியே நெடுங்காலம் வாழ்ந்தனர். 1948 இன் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரும் அவர்தம் பிள்ளைகளும் அவர்கள். ஓர் அமைச்சரவை அளித்த தொழிற்சாலையும், அதே அமைச்சரவை ஆக்கிய நாடற்ற மனிதரும் வன்னியின் ஒரே வெயிலில் அருகருகே நின்றனர். வரவையும் செலவையும் தனித்தனி ஏடுகளில் எழுதிவைக்கும் நமது வழக்கம் இந்நிலத்திற் செல்லுபடியாகாது. ‘நமக்கு என்ன கிடைத்தது’ என்ற வினாவிலுள்ள ‘நாம்’ யார் என்பதை வரையறுக்காமல் அக்கணக்கைத் தொடங்கவும் இயலாது. வர்க்கமும் பிரதேசமும் அந்த ‘நாம்’ என்ற சொல்லுக்குள்ளேயே மறைந்திருக்கின்றன.

முற்போக்குவாதிகளாகிய நாமும் இவ்விமரிசனத்திலிருந்து விலக்குப் பெற முடியாது. அரிசி விலை உயர்வுக்கு எதிரான 1953 ஆகஸ்ட் ஹர்த்தாலை முன்னின்று நடத்திய லங்கா சமசமாசக் கட்சி 1964 இல் அரசிற் சேர்ந்தது, என். எம். பெரேரா நிதியமைச்சரானார். மில்லரானைப் பற்றி நன்கு அறிந்திருந்த கட்சி அது. 1970 இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசிலும் அது பங்கேற்றது. 1971 ஏப்பிரல் கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது இடதுசாரி அமைச்சர்கள் அரசினுள் இருந்தனர். 1956 இல் தனிச்சிங்களச் சட்டத்தை வன்மையாக எதிர்த்த கொல்வின் ஆர். டி சில்வாவே, சிங்களத்துக்கு யாப்பு நிலையிலான முதன்மையை வழங்கிய 1972 அரசியலமைப்பை அரசியலமைப்பு விவகார அமைச்சராக நின்று நிறைவேற்றினார். 1975 இல் அக்கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டது; அரசியலமைப்பு எஞ்சிற்று. தமிழரசுக் கட்சியின் சார்பிலே 1965 இல் உள்ளூராட்சி அமைச்சரான மு. திருச்செல்வம், திருக்கோணமலைக் கோணேசர் ஆலயச் சூழலைப் புனித பூமியாக்கும் முயற்சி தடைப்பட்டதையடுத்து 1968 இற் பதவி விலகினார். இனத்தின் பெயரால் நுழைந்தோருக்கும் வர்க்கத்தின் பெயரால் நுழைந்தோருக்கும் அமைச்சரவை ஒரே நியதியையே விதித்தது.

இவற்றிலிருந்து, எக்காலத்தும் எவரும் அமைச்சர் பதவியை ஏற்றலாகாது என்னும் சூத்திரத்தை நாம் வருவிக்கவில்லை. ஒதுங்கி நிற்றலும் ஓர் அரசியலே. அதற்கும் விலை உண்டு. அவ்விலையையும் வன்னி மக்கள் அறிவர். பதவியேற்பை மதிப்பிடுவதற்கு மூன்று வினாக்கள் தேவை என்பதே நமது முடிவு. அமைச்சர் தம் துறைக்கு வெளியே எவற்றுக்கு ஒப்பமிட வேண்டியவரானார்? அவ்வொப்பத்தின் விலையைச் செலுத்தியோர் யாவர். பயனைப் பெற்றோரும் அவர்களேயா? அவர் பதவி நீங்கிய பின்னர் மக்களின் கையில் எஞ்சிய அதிகாரம் யாது?

2009 இன் பின்னரும் ‘அபிவிருத்தியா, உரிமையா’ என்னும் வினா வடபுலத் தேர்தல் மேடைகளிற் புதிதுபோல் எழுப்பப்பட்டு வந்துள்ளது. அது புதியதன்று, இரண்டும் வேறுவேறானவை என்று கொள்வதும் சரியன்று. பரந்தனிலே தொழிற்சாலையைக் காக்கும் அதிகாரம் அதன் மக்களிடம் இருக்கவில்லை. குடியுரிமையிழந்து அங்கு வந்தோருக்குத் தாம் வெட்டிய காடும் உரித்தாகவில்லை. அபிவிருத்தி நிலைபெறாமற் போனமைக்கும் உரிமை மறுக்கப்பட்டமைக்கும் வேர் ஒன்றே. தனிமனிதரைப் புகழ்வதாலோ இகழ்வதாலோ அவ்வேரைக் காணமுடியாது. அதனைக் காணும் முறையியலை வகுத்துக்கொள்வதே நமது அரசியல் விமரிசனத்தின் உடனடிப் பணியாகும்.