முந்நீரும் மூச்சுக்குழாயும்

பவளப்பாறை பார்க்க அழைக்கும் சுற்றுலா விளம்பரங்களைத் தனி இலக்கிய வகையாகவே வாசிக்கலாம். அந்தமானாக இருந்தாலும், லட்சத்தீவாக இருந்தாலும், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவாக இருந்தாலும் கருப்பொருள் ஒன்றுதான்: நீலத் தண்ணீர், மஞ்சள் வரிமீன், வெண்மணல். நிலம் நெய்தல், ஆனால் உரிப்பொருள் புணர்தல். தேனிலவு இணைக்கு ஒரு கட்டணம், குடும்பத்துக்கு ஒரு கட்டணம். நாற்பதைக் கடந்த ஐந்து பெண்கள், கணவரும் பிள்ளைகளும் இல்லாமல், மீஞ்சூரிலிருந்து கிளம்பிப்போய்த் தண்ணீருக்குள் முகம் வைத்துப் பார்ப்பார்கள் என்பது அந்தப் பிரதியின் கற்பனைக்கு எட்டாதது.

நாங்கள் ஐந்து பேர் அப்படித்தான் திட்டமிடுகிறோம். மன்னார் வளைகுடா போதும் என்று முடிவு செய்தோம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருபத்தொரு தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் காலையில் மண்டபம். சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பல்லாண்டுகள் பாறையை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன என்பதையும் தெரிந்துகொண்டுதான் போகிறோம்.

திட்டமிடுதல் என்றால் டிக்கெட்டும் விடுதியும் மட்டும் என்று நினைப்பவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் பட்டியலில் முதலில் வந்தது மாதவிடாய்த் தேதி. அடுத்தது உடை: நனைந்தால் ஒட்டாத துணி எது, படகில் உடை மாற்ற மறைவு இருக்குமா, படம் எடுப்பார்களா. மூன்றாவது, எங்கள் ஐவரில் யாருக்கும் நீச்சல் தெரியாது. ஸ்நார்கலிங்குக்கு நீச்சல் கட்டாயமில்லை, உயிர்காப்புச் சட்டையோடு மிதந்தால் போதும், குழாய் வழியே வாயால் மூச்சு விடப் பழகினால் போதும் என்கிறார்கள். இருக்கட்டும். எங்கள் அண்ணன் தம்பிமார் எல்லாருக்கும் நீச்சல் தெரிகிறதே, அது எந்தக் கிணற்றில், யார் அனுமதியில் வந்தது?

தொல்காப்பியம் அகத்திணையியலில் ஒரு விதி உண்டு: பிரிந்து செல்லும் தலைவன் கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்வதில்லை. அங்கே வரும் ‘முந்நீர்’ என்ற சொல்லுக்குக் கடல் என்பதுதான் பொருளா என்று உரையாசிரியர் காலம்தொட்டு விவாதம் இருக்கிறது. வகுப்பில் அந்த விவாதத்தை நடத்தி முடிக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். எந்த உரையை ஏற்றாலும் நெய்தல் பாட்டில் பெண் நிற்கும் இடம் மாறுவதில்லை. அவள் கரையில் இருக்கிறாள். மீன் உணக்குகிறாள், புள் ஓப்புகிறாள், இரங்குகிறாள். கடல் அவளுக்குக் கேட்கும் பொருள், பார்க்கும் பொருள். உள்ளே போகும் பொருள் அல்ல.

பவளமும் அப்படியே. நம் பாட்டில் துகிர் பெண்ணின் வாயில்தான் இருக்கிறது. அந்தச் சிவந்த மணிப்பவளம் மத்தியதரைக்கடலிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. மன்னார் வளைகுடாவில் இருப்பதோ பெரும்பாலும் பழுப்பும் பச்சையும் கலந்த, மான்கொம்பு போலவும் மூளை போலவும் விரியும் உயிர். அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு உணவும் நிறமும் தருகிறது. கடல் சூடேறினால் பாசி வெளியேறும், பாறை வெளுக்கும். 2010இலும் 2016இலும் அங்கே பெருமளவில் வெளுத்தது. கடற்கரைக்காரர்கள் இதைப் ‘பார்’ என்கிறார்கள். உவமை எதுவும் ஒட்டாத, கால் வைத்து அறிந்தவர்களின் சொல்.

அந்தப் பாரில் கால் வைத்தவர்களில் பெண்கள் உண்டு. பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்கள், சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையை மாட்டி, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி முங்குகிறார்கள். மூச்சுக்குழாய் கிடையாது. அவர்கள் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசியிலிருந்து வரும் அகர், நம் கல்லூரி ஆய்வகத் தட்டில் உறைந்திருக்கிறது. என்ன உடுத்துவது என்று நாங்கள் ஒரு வாரம் விவாதித்த கேள்விக்கு அவர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். எந்த அழகுக்கும் கணக்குச் சொல்லாத விடை.

1986இல் இந்தத் தீவுகளும் சுற்றுக்கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பிறகு தடை இறுகியது. தீவில் இறங்கக் கூடாது, பிடிபட்டால் பாசி பறிபோகும். பாறையைக் கெடுப்பவர்கள் என்ற பழியும் வந்தது. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது, இரும்புச் சுரண்டியைக் கைவிட்டுக் கையால் பறிப்பது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்களும் அவர்களே. 2015இல் சின்னப்பாலத்து லட்சுமிக்குச் சீகாலஜி விருது கிடைத்தது. மறுபக்கம், பெண்களின் வாழ்வாதாரம் என்று சொல்லி அறிமுகமான அயல்பாசி கப்பாபைகஸ், குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்து அதை மூடியது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவை ஆய்வு நிறுவனமும் பன்னாட்டுக் குளிர்பான நிறுவனமும். அந்தத் தீவுக்கு இப்போது சுற்றுலாப் படகு போகிறது. சீட்டு வாங்கியவர் இறங்கலாம்.

பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாங்களும் துடுப்புக்காலால் ஒரு கிளையை ஒடித்துவிடக்கூடும், பூசிய களிம்பு நீரில் கரையக்கூடும். என் கேள்வி, பார்ப்பவளுக்குத் திறக்கும் கதவு உழைப்பவளுக்கு ஏன் மூடுகிறது என்பது. ஜெஜு தீவில் மூச்சடக்கி முங்கும் கொரியப் பெண்களின் வாழ்முறையை 2016இல் யுனெஸ்கோ மரபாக ஏற்றது. இங்கே அதே உடற்கலைக்குப் பெயர் அத்துமீறல்.

இது தொலைவில் நடக்கும் கதையும் அல்ல. மீஞ்சூருக்கும் கடலுக்கும் இடையே அனல்மின் நிலையமும் துறைமுகங்களும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் நிற்கின்றன. எண்ணூர், பழவேற்காட்டுக் கழிமுகங்களில் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அந்தச் சேற்றில் சாம்பல் கலந்ததும் அவர்கள் விரலுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். அந்த நீரைப் பார்க்க யாரும் கட்டணம் வாங்குவதில்லை.

பயணத்தை மாசிக்குத் தள்ளியிருக்கிறோம். காற்று அடங்கி நீர் தெளிந்திருக்கும், வெளுப்பு தொடங்கும் கோடைக்கும் முன்னால். அதற்குள் இரண்டு பேராவது நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும். எங்களுக்குள் இன்னும் தீராத வாக்குவாதம் ஒன்று. பாசி எடுக்கும் நாட்களில் போகலாம், அவர்களைச் சந்திக்கலாம் என்கிறாள் ஒருத்தி. அவர்கள் வேலை செய்வதை நாம் மிதந்துகொண்டு பார்ப்போமா, விளம்பரத்தில் இன்னொரு மீனாக அவர்களையும் சேர்ப்போமா என்கிறாள் மற்றொருத்தி. நான் இரண்டாமவள் பக்கம். அவர்கள் கரையில் இருக்கும் நாளாகப் பார்த்து, அழைத்தால் போய், பேச விரும்பினால் கேட்கலாம். ரயில் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.