கல்லின் முதுகு

நேமத்தான்பட்டியில் எங்கள் ஐயா வீட்டு முகப்புச் சுவரில் பதித்த பூப்போட்ட டைல் ஒன்று, போன அடைமழையில் சாந்து விட்டுக் கழன்று விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை. எடுத்துத் திருப்பினால் முதுகில் மேடெழுத்தில் 'மேட் இன் ஜப்பான்'. அது சீமைக் கல், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது என்றுதான் அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பத்தாவைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்தில் விக்டோரியா காலத்தில் வந்த மஜோலிகா டைலைப் பார்த்துச் செய்யப் பழகிய ஜப்பான்காரர்கள், 1910-களிலிருந்து அதை இந்தியாவுக்கும் மலேயாவுக்கும் ஏற்றி அனுப்பினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இருப்பவற்றில் நிறைய அந்த வகை. அந்நாளில் 'ஜப்பான் சாமான்' என்றாலே மலிவு, நாலு நாளில் பல்லிளிக்கும் என்றுதான் பேச்சு. வாங்கியவர்கள் ஊரில் சீமைக் கல் என்று சொல்லிக்கொண்டதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

நம் வளவு வீடுகள் ஒவ்வொன்றும் உலகத் தொழில்களின் கண்காட்சிதான். தூணுக்குப் பர்மாத் தேக்கு, தரைக்கு இத்தாலிச் சலவைக்கல், கண்ணாடிக்குப் பெல்ஜியம், இரண்டாம் கட்டில் சுவீடன் எனாமல் வாளி. எந்த நாட்டவனுக்கு எது கைவந்த கலை என்று கொண்டுவிற்கப் போன இடத்தில் எங்கள் முன்னோர் தெரிந்து வைத்திருந்தார்கள்.

உள்ளூர்க்காரனிடம் கேட்டது வேறு. சுவருக்குச் சுண்ணாம்பை அரைத்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீர் சேர்த்து, பூச்சின் மேல் பூச்சாக ஏற்றி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கூழாங்கல்லால் தேய்த்தார்கள். இன்றும் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் சித்திரை வெயில் தெரியாது. எந்த ஏட்டிலும் அளவு கிடையாது. முந்திய பூச்சு எப்போது இறுகியது என்று கொத்தனாரின் உள்ளங்கை சொல்லும். அதுவரை வீட்டுக்காரரும் காத்திருந்தார். அதுதான் பெரிய விஷயம்.

ஆத்தங்குடிக் கல்லும் அப்படியே. சூளையே கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதன் கட்டங்களில் சாயம் கலந்த சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்றுவார்கள். சட்டத்தைத் தூக்கும் அந்த ஒரு கணத்தில் கை நடுங்கினால் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். பிறகு மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் தட்டி, காயவைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் பளபளப்பு. ஒரு கல்லைப்போல் இன்னொன்று இராது. ஜப்பான் தொழிற்சாலையில் இதைக் கழித்துப் போடுவார்கள். நாம் அழகு என்கிறோம்.

அழகுதான். ஆனால் 'கைவேலை அப்படித்தான் இருக்கும்' என்பது சோம்பலுக்கும் போர்வையாகிவிட்டது. சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு பட்டறையில் வாங்கிய கற்கள் ஒரே கோடையில் மாவாக உதிர்ந்தன. தண்ணீரில் ஊறவேண்டிய நாளைத் திருடியிருந்தார்கள். அவசரப்படுத்தியது நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாட்டுக் குணம் ரத்தத்தில் வருவது என்று பேசுகிறவர்கள் அதே ஜப்பானைப் பார்க்கட்டும். போருக்குப் பின், 1950-இல், அமெரிக்கரான டெமிங் அங்கே போய்த் தரக்கட்டுப்பாட்டைப் புள்ளிவிவர வழியில் கற்பித்தார். மறு வருஷமே அவர் பெயரில் விருது வைத்தார்கள். அடுத்த தலைமுறைக்குள் 'ஜப்பான் சாமான்' என்ற சொல்லுக்கே பொருள் தலைகீழாகிவிட்டது. 1998-இல் அந்த விருதை இந்தியாவில் முதலில் வாங்கியது சென்னை பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன். 2002-இல் டிவிஎஸ் மோட்டார். நம் பக்கத்துப் பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் 1949-இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு சேர்ந்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியதும் இந்த வரிசையில் வைக்க வேண்டியது. வட்டித்தொழில் செய்த கை, இழைபிசகாமல் இரும்பை அளக்கப் பழகியது. பழக்கத்தை மாற்றினால் தரமும் மாறும். மாற்ற ஆள் வேண்டும், வாங்குகிறவனும் விடாப்பிடியாகக் கேட்க வேண்டும்.

விழுந்த டைலைத் திரும்பப் பதிக்க ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தேன். அன்று மாலையே காரைக்குடியில் எனக்கு ரயில். அவர் டைலைத் திருப்பிப் பார்த்தார், எழுத்தைத் தடவினார், "காஞ்ச கல்லுங்கய்யா, சாந்து ஈரத்தை உறிஞ்சிப்புடும். ராத்திரி பூரா ஊறட்டும், காலையில வாரேன்" என்று கரண்டியைக் கழுவப் போய்விட்டார். ரயிலை விட்டேன். சுவீடன் வாளியில் ஜப்பான் டைல் விடிய விடிய ஊறியது.