மண்மேல் சித்திரமும் பேர் இல்லாத உழைப்பும்

ஊவா மலைச்சரிவு ஒன்றில் மிகப் பெரிய சித்திரமொன்றை வரையப் போவதாகவும் அதற்குத் தொண்டர்கள் தேவையென்றும் தெரிவிக்கும் அழைப்பு ஒன்று அண்மையில் நான் கற்பிக்கும் பாடசாலைக்கு வந்தது. கூலி இல்லை, பகலுணவு உண்டு. தொண்டர் ஒவ்வொருவருக்கும் ஓர் அகலக்கோட்டையும் ஒரு நெடுங்கோட்டையும் குறிக்கும் எண்கள் கைத்தொலைபேசிக்கு வந்து சேரும். அந்தப் புள்ளியைத் தேடிச் சென்று அங்கே கற்களை அடுக்க வேண்டும். புள்ளிகள் யாவும் நிறைந்த பின்னர் ஆகாயத்திலிருந்து படம் பிடிப்பார்கள். உயர்வகுப்பு மாணவர்கள் உற்சாகம் கொண்டனர். "சேர், நாங்களும் போகலாமா?" என்று கேட்டனர். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அந்தத் தயக்கத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரை.

மண்ணையே பலகையாகக் கொள்ளும் கலையைப் பணக்கார நாடுகளின் வீண் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவது நேர்மையாகாது. பெரு நாட்டின் நாஸ்கா சமவெளியில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மக்கள் மேற்கற்களை அகற்றி அகற்றியே பறவையும் குரங்கும் வரைந்தனர். அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டு வாசலில் புள்ளிக் கோலம் இடும் பெண் என்ன செய்கிறாள்? முதலில் புள்ளிகளை நிரையாக வைக்கிறாள். பின்பு அவற்றைக் கோட்டினால் வளைக்கிறாள். இன்றைய கலைஞன் செயற்கைக்கோளின் துணையோடு செய்வதும் இதுவே. ஆனால் கோலமிடுபவள் தானே குனிகிறாள், தானே நிமிர்ந்து பார்க்கிறாள். குனிபவர் ஒருவரும் பார்ப்பவர் வேறொருவருமாக அவர்கள் பிரிந்துவிடும் இடத்திலேதான் நமது பிரச்சினை தொடங்குகிறது.

அண்மைக் காலத்தில் இத்துறையில் எழுந்த படைப்புகளுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று நமது நாட்டிலேயே உள்ளது. அவுஸ்திரேலியச் சிற்பி அண்ட்ரூ ரோஜர்ஸ் 'வாழ்வின் லயங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் உலகின் ஏழு கண்டங்களிலும் கல்லினாலான பெருஞ்சித்திரங்களை அமைத்தவர். அவற்றுட் சில 2005ஆம் ஆண்டளவில் குருநாகல் பகுதியில் எழுந்தன. ஆயிரக்கணக்கான உள்ளூர் மக்களின் கைகள் இல்லையேல் அவரது கனவு நனவாகியிராது. அவரது விருப்பம் பெரிது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அச்சித்திரங்களின் முழு வடிவத்தையும் காண்பதற்கு விமானமோ செயற்கைக்கோளோ வேண்டும். பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்கு அது வெறும் கல் வரம்பு. கல் சுமந்தவனும் பக்கத்தில் நின்றவனே. கலையின் பயன் கலையை ஆக்கியவனுக்கே எட்டாத உயரத்தில் இருப்பது ஒரு குறை என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது, 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் திகதி பெரு நாட்டின் தலைநகர் லீமாவின் புறத்தே நிகழ்ந்தது. பெல்ஜியத்தில் பிறந்து மெக்சிகோவில் வாழும் பிரான்சிஸ் அலிஸ் என்ற கலைஞர் 500 தொண்டர்களை ஒரு மணற்குன்றின் அடியில் வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்தார். அவர்கள் மணலை முன்னே தள்ளித் தள்ளிக் குன்றைக் கடந்து சென்றனர். மாலையில் அந்தக் குன்று ஏறத்தாழ பத்துச் சென்றிமீற்றர் நகர்ந்திருந்தது என்பார்கள். உச்ச அளவு முயற்சி, மிகச் சிறிய பலன் என்பதே அதன் கொள்கை. தொண்டர்களிற் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்கள். குன்றைச் சூழ்ந்திருந்த குடிசைகளிலோ ஊர் பெயர்ந்து வந்த ஏழைகள். இதைப் படமாகப் பார்த்தபோது உள்ளம் நெகிழ்ந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அரசியற் கொந்தளிப்பினால் நம்பிக்கை இழந்திருந்த ஒரு நாட்டில், கூடிச் செய்தால் மலையும் அசையும் என்பதைக் காட்டிய நாள் அது. ஆனால் படம் முடிந்ததும் வேறொரு நினைவு எழுந்தது. ஒரு நாள் மண்வெட்டி பிடித்த மாணவனுக்கு அது உவமை. பரம்பரை பரம்பரையாக மண்வெட்டி பிடித்தவனுக்கோ உச்ச முயற்சியும் சிறு பலனும் கலைக்கொள்கையன்று, மாதச் சம்பளக் கணக்கு.

இங்கே நமது மலைகளைச் சற்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். பதுளையிலிருந்து பசறை வழியாக நமுனுகுல மலையை நோக்கிச் செல்பவரோ, தெமோதரையில் தன் அடியிலேயே தான் புகுந்து செல்லும் ரயில் பாதையைக் காண்பவரோ, மனிதன் மண்மேல் வரைந்த மாபெருஞ் சித்திரத்தின் நடுவே நிற்கிறார். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் இம்மலைகள் தேயிலைக்கு மாறின. காட்டை வெட்டி, எரித்து, கயிறு பிடித்து, கம்பு அடித்து, நாலடிக்கு ஒரு குழி என்று நிரை போட்டனர். பழைய விதைத் தேயிலை மலைகளில் நிரை நேராக ஏறிச் செல்லும். பின்னாளில் நட்ட வி. பி. மலைகளிலோ மலையின் வளைவைத் தழுவிச் சுற்றி வரும். நிரைகளுக்கிடையே சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டினர். கைத்தொலைபேசியை நம்பி ஒரு புள்ளியைத் தேடினால், திறந்த வெளியிலேயே மூன்று நான்கு மீற்றர் பிசகும். மரமும் மலையும் மறைக்கும் இடத்தில் இன்னும் கூடும். நமது பாட்டன்மார் கயிற்றை மட்டும் கொண்டு நட்ட நிரைகள் அவ்வளவு பிசகவில்லை. அவர்களைத் தொண்டர்கள் என்று எவரும் அழைக்கவில்லை. கலைஞர் என்று சொல்லவும் எவருமில்லை.

வரைபடமும் எண்ணும் இம்மலைகளுக்குப் புதியனவல்ல. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் உறுதிப் பத்திரம் காட்ட இயலாத நிலங்களை அரசின் சொத்தாக்கியபோது, கண்டிச் சிங்கள விவசாயியின் சேனை நிலம் அளவைச் சங்கிலியின் கீழ் வந்து தோட்டமாயிற்று. அதே வரைபடத்தின் மேல் நமது மக்களைக் கொண்டுவந்து நிறுத்தினர். அவர்கள் கழுத்தில் தொங்கியது தகர டிக்கட். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதிலே பொறிக்கப்பட்டிருந்தன. செயற்கைக்கோள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே மனிதனை இரண்டு எண்களாக்கும் வித்தை இங்கே கைவந்திருந்தது. மலைகளுக்கும் எண்தான், நாலாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என்றே இன்றும் சொல்கிறோம்.

மூன்றாவது படைப்பைப் பற்றிச் சொல்ல இதுவே தக்க இடம். ஆக்னஸ் டெனஸ் என்ற அமெரிக்கப் பெண் கலைஞர் பின்லாந்தின் யுலோயார்வி என்ற ஊருக்கு அருகே, சரளைக் கல் தோண்டிப் பாழான நிலத்தில் ஒரு செயற்கைக் குன்றை எழுப்பச் செய்து, 1992க்கும் 1996க்கும் இடையில் 11,000 மனிதர்களைக் கொண்டு 11,000 மரங்களை நடுவித்தார். சூரியகாந்திப் பூவின் விதையடுக்கை ஒத்த சுருள் வடிவில், கணக்கிட்ட புள்ளிகளில், ஆளுக்கொரு மரம். நட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்திரம் வழங்கப்பட்டது. அந்த மரம் அவருடையது. அவருக்குப் பின் அவர் வழித்தோன்றல்களுடையது. பத்திரத்தின் ஆயுள் 400 ஆண்டுகள்.

இதைப் படித்த அன்று நெடுநேரம் உறக்கம் வரவில்லை. மரம் நட்டவருக்கு 400 ஆண்டுக்குப் பத்திரம்! தேயிலை நட்ட நமது மூதாதையருக்கும் காகிதம் கிடைக்காமலில்லை. துண்டு என்று ஒன்று கிடைத்தது. அவர் தோட்டத்துக்குப் பட்ட கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் இவரை அழைத்துக்கொள்ளலாம் என்பது அதன் வாசகப் பொருள். அம்முறை 1921இல் ஒழிந்தது. பின்பு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நட்டவரின் பிள்ளைகளைப் பார்த்து, உங்கள் காகிதம் எங்கே என்று கேட்டது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உடன்படிக்கை செய்து அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டனர். எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. நிலத்துக்கான பத்திரமோ இன்றும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கனவு. டெனஸின் குன்றை நான் மூன்றினுள்ளும் உயர்ந்ததென மதிப்பது அதன் சுருள் அழகுக்காக அல்ல. நட்டவரின் பெயர் அதன் வடிவத்தின் ஒரு பகுதி என்று அவர் உணர்ந்திருந்தார் என்பதற்காக.

தோட்டத் தமிழில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ஒருநாள் உழைப்புக்குச் செக்ரோலில் விழும் பதிவே பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். பெயர் என்பதே நாட்கூலியாகச் சுருங்கிய மொழி உலகில் வேறெங்கேனும் உண்டா என்று நானறியேன். நடுகல்லில் வீரனின் பெயரும் புகழும் பொறித்த மரபு நம்முடையது. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது ஈறாக அதன் துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்லும். அந்த மரபிலே வந்தவர்களின் புதைகுழிகள் மேல் இங்கே தேயிலைத் தூர்கள் நிற்கின்றன.

மேலிருந்து பார்ப்பவருக்கோ இம்மலையில் பெயர் உண்டு. அப்புத்தளைக்கு அப்பால், 1890இல் தொழிற்சாலை எழுந்த தம்பேதன்னை தோட்டத்தின் உச்சியில் லிப்டன் ஆசனம் இருக்கிறது. தோமஸ் லிப்டன் அங்கே அமர்ந்து தமது தோட்டங்களைப் பார்ப்பது வழக்கம் என்கிறார்கள். இன்று உல்லாசப் பயணிகள் கூட்டங் கூட்டமாகச் சென்று படம் பிடிக்கின்றனர். அழகிய காட்சிதான், நானும் மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். அவர்களில் ஒருத்தி கீழே கையை நீட்டி, "அந்த நிரையில எங்கம்மா நிக்கிறாங்க சேர்" என்றாள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு; நமது அழைப்பாளர் அதைச் சிந்தித்ததாகத் தெரியவில்லை. பெருவின் பாலைவனத்தில் கல்லை நகர்த்தினால் அது நகர்த்திய இடத்தில் கிடக்கும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஊவாவின் சரிவில் கல்லைப் பெயர்ப்பது மண்ணின் பிடியைத் தளர்த்துவதாகும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. வரைபடத்தில் புள்ளி இருந்தது; போய் வாழ்வதற்கு மாற்று நிலந்தான் இல்லை.

ஆகவே அழைப்புக்கு எதிரியாக அன்றி, நிபந்தனைகளோடு பதில் எழுதினேன். சரிவில் கல் பெயர்க்கலாகாது. கவ்வாத்து வெட்டிய மலையில் துணி விரிக்கலாம், அன்றேல் சுண்ணாம்புக் கோடு இடலாம். வேலைநாளில் வரும் தொழிலாளிக்கு முழுப் பேர் போட வேண்டும். எதை வரைவது என்பதை அம்மலையில் நிரை பிடிப்பவர்களோடு இருந்து தீர்மானிக்க வேண்டும். வந்த ஒவ்வொருவரின் பெயரையும் அவர் நின்ற புள்ளியையும் படத்தோடு அச்சிட வேண்டும். அப்படம் முதலில் லயத்தில் காட்டப்பட வேண்டும், அதன் பின்னரே கொழும்புக்கும் பிற நாடுகளுக்கும் போக வேண்டும்.

பதில் வரும்வரை மாணவர்கள் சும்மாயிருக்கவில்லை. தனி முகவரி இல்லாமல் தோட்டக் காரியாலயத்தின் பெயரிலேயே கடிதம் பெற்று வந்த லயங்கள் இங்கே எத்தனையோ உண்டு. சனிக்கிழமைகளில் அவர்கள் கைத்தொலைபேசியோடு சென்று ஒவ்வொரு லயத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும், தண்ணீர்ப் பீலியையும், வெடிப்பு விட்ட சுவரையும், முதியவர்கள் காட்டும் பழைய புதைகுழிகளையும் கொப்பியில் எழுதி வருகிறார்கள். புதைகுழிகளில்தான் வேலை தாமதிக்கிறது. கவ்வாத்துக்குப் பின் ஒரு தூர் மற்றொன்றைப் போலவே இருப்பதால், எந்தத் தூரின் கீழ் என்று கிழவிமார் இருவர் ஒத்துச் சொல்லும்வரை புள்ளி வைப்பதில்லை என்று அவர்களே ஒரு விதி செய்துகொண்டிருக்கிறார்கள்.