அறிவிப்பவரின் வாழ்வும் அறிவிப்பும்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டொரத்தியா லேங் (1895–1965) குறித்து வரலாற்றுப் பேராசிரியை லிண்டா கார்டன் எழுதி, 2009ஆம் ஆண்டு வெளிவந்த வாழ்க்கை வரலாற்றை நாம் தாமதமாகவே படித்தோம். படித்து முடித்தபோது நமக்கு மிஞ்சியது மனக்கசப்பே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

‘இடம்பெயர்ந்த தாய்’ என்னும் லேங்கின் படத்தை அறியாதார் குறைவு. 1936 மார்ச் மாதம் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிப்போர் முகாமில் எடுக்கப்பட்டது அது. கைக்குழந்தை மடியில் கிடக்க, மற்றிரு பிள்ளைகள் தோள்களில் முகம் புதைக்க, கன்னத்தருகே கைவைத்துத் தொலைவை நோக்கும் பெண். தாய்மையின் தவிப்பை விளக்க வேண்டிய போதெல்லாம் இப்படத்தையே நாம் மாணவர்க்குக் காட்டி வந்தோம். அதை எடுத்தவரோ, தம் இரு மகன்களைச் சிறு வயதிலேயே பிறர் பராமரிப்பில் விட்டவர்! 1935இல் ஓவியர் மேனார்டு டிக்சனைப் பிரிந்து பொருளியலாளர் பால் டெய்லரை மணந்தபோதும் பிள்ளைகள் வேறு வீடுகளில்தாம் வளர்ந்தனர். இதைப் படித்த பின் அப்படத்தைக் காட்ட நம் கை தயங்கியது.

ஆயினும், அத்தயக்கத்தை நாமே விசாரிக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளின் தந்தையும் ஓர் ஓவியரே. ஓவியம் தீட்ட நெடும்பயணம் போய் வந்தவரே. அவர்மீது நமக்கு ஏன் அந்தக் கசப்பு எழவில்லை? ஏழு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் வலக்கால் ஊனமுற்று, பன்னிரண்டாம் வயதில் தந்தையால் கைவிடப்பட்டு, பின்னாளில் அத்தந்தையின் பெயரையே உதறித் தாயின் குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டவர் லேங். இவற்றையும் அதே நூலில்தான் படித்தோம். படித்தும் நாம் தாயை மட்டுமே கூண்டிலேற்றினோம்.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு ஜர்ஹ்–தஃதீல் முறை புதிதன்று. அறிவிப்பாளரின் குறையைத் துருவுவது புறங்கூறலாகாதா என்ற வினாவை நம் முன்னோர் அன்றே எதிர்கொண்டனர். அறிவிப்பின் நம்பகத்தைக் காக்கும் தேவை இருப்பதால், அந்தத் தேவையின் அளவுக்கே அதை அனுமதித்தனர். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், லேங்கின் இல்வாழ்வு அப்படத்தைப் பொய்யாக்கவில்லை. விசாரிக்கத்தக்கன வேறு உள்ளன.

அப்பெண்ணின் பெயரை அவர் கேட்கவில்லை. அக்குடும்பம் தங்கள் காரின் டயர்களை விற்று உணவு வாங்கியதாக 1960இல் எழுதினார். குடும்பத்தார் அதை மறுத்தனர். மூலப்படத்தின் ஓரத்தில், கூடாரக் கம்பத்தைப் பற்றியிருந்த ஒரு கட்டைவிரலும் பின்னர் அழித்து மறைக்கப்பட்டது. மூலவாசகத்தில் கைவைத்தது போன்ற செயல் இது. சிறிதெனினும் சிறிதென விட்டுவிட நம் பயிற்சி இடந்தரவில்லை. 1978இல்தான் உலகம் அப்பெண்ணின் பெயரை அறிந்தது. அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், செரோக்கி மரபினர். தம்மைப் படமெடுத்திருக்கவே வேண்டாம் என்று அவர் அப்போது வருந்தினார். லேங்மீது குறை சொல்லும் உரிமை பெற்ற சாட்சி அவர்தாம்; வாசகராகிய நாமல்லர்.

கார்டன் தீர்ப்பு வழங்க விரையாதவர். வீட்டையும் வேலையையும் ஒரே நடையில், ஒரே நிதானத்தில் எழுதிச் செல்கிறார். நூலைப் பற்றிப் பேசுவோரிடம் அந்த நிதானம் இல்லை. பிள்ளைகள் பிரிந்திருந்த பக்கங்களையே அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர், நாமும் முதலில் செய்ததுபோல. 1942இல் ஜப்பானிய அமெரிக்கர்கள் வீடுவாசல் இழந்து தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டதை லேங் அரசின் பணியாகவே படமெடுத்தார். அப்படங்களோ அரசுக்கு உவப்பாயில்லை. போர்க்காலம் முழுதும் அவை முடக்கி வைக்கப்பட்டன. கார்டனும் கேரி ஒகிஹிரோவும் அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தொகுத்து 2006இல் தனி நூலாக வெளியிட்டனர். வரலாற்று நூலை வாங்குவோர் அத்தொகுப்பையும் உடன் வைத்துப் படிப்பது நன்று.